தேவசித்தம் தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது அந்த வருஷத்துக்கான வேதவசனம் அச்சிட்ட அட்டைகளை, நீட்டுவார்களே, ஒரு வருஷம் எனக்குக் "கர்த்தருக்குக் காத்திரு" என்று வந்தது. வேலை இல்லாமல் ஏற்கெனவே எட்டு மாதம் காத்திருந்தவனுக்கு அது பிடிக்குமா? தட்டு பிடித்திருந்த அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியதும் இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். அப்புறம் வருஷம் பூராவும் இதில் எது என் வசனம் என்ற குழப்பம் வேறு.

சிரிப்பாக இருந்தாலும் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். நம் வாழ்க்கையின் நோக்கம் எங்கோ உறை போட்டு ஒட்டி வைத்த கடிதம், சரியான வசனமோ சரியான தீர்க்கதரிசியோ கிடைத்தால் பிரிந்துவிடும் என்று நினைக்கிறோம். உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டர், ஃபிரிட்ஜ் கதவு, கல்யாணப் பத்திரிகை என்று அது இல்லாத இடம் கிடையாது. ஆனால் அந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். முந்தின அதிகாரத்தில்தான் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று சொல்லி ஜனங்களைக் குஷிப்படுத்துகிறான். எரேமியாவோ எழுபது வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்கள், உங்களைக் கொண்டுபோன அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். 11-ஆம் வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு 5 முதல் 7 வரை உள்ளதை நாம் விட்டுவிடுகிறோம், செய்ய வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது அடையாளம் கேட்பது. "இன்றைக்குள் போன் வந்தால் உம்முடைய சித்தம்" என்று ஜெபித்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், கேட்டால் நியாயாதிபதிகள் 6-இல் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுப் பனியில் அடையாளம் கேட்கவில்லையா என்போம். கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே சொல்லியாகிவிட்டது, தோலைப் போட்டது அவனுடைய பயம். பவுலைப் பாருங்கள்: அப்போஸ்தலர் 16-இல் ஆசியாவுக்கு (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) போகப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் தடை. அப்படியே துரோவா வரை வந்த பிறகுதான் மக்கெதோனியாவுக்கு வந்து உதவி செய்யும் என்று ஒருவன் அழைக்கும் தரிசனம் கிடைக்கிறது. எல்லாம் நடந்துகொண்டிருந்தவருக்குக் கிடைத்த வழிநடத்துதல்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கட்டர் கதையைக் கேட்காத தமிழ் கிறிஸ்தவர் குறைவு. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண் டாக்டர் கேட்டார்கள், ஆண் டாக்டரான அவருடைய அப்பாவை அனுமதிக்கவில்லை, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிரசங்கத்தில் கதை பெரும்பாலும் அங்கே கண்ணீரோடு நின்றுவிடும், நேராக வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் அவர் அமெரிக்காவுக்குப் போய் வருஷக்கணக்கில் மருத்துவம் படித்தார். 1899-இல் பட்டம், 1900-இல் இந்தியா, அப்புறம் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பம். அந்த உடற்கூறியல் பரீட்சைகளை யாரும் சாட்சியாகச் சொல்வதில்லை. அவையும் அழைப்பில் சேர்ந்தவைதானே?

சரி, இன்னொன்று கொஞ்சம் வலிக்கும். வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழு பயிற்சி, ஞாயிறு ஓய்வுநாள் பள்ளி, நடுவில் வாலிபர் கூட்டம் என்று ஓடுகிறவர், தான் நோக்கத்தோடு வாழ்வதாகத்தான் நம்புவார். வீட்டில் அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும். மாற்கு 7-இல் இயேசு "கொர்பான்" விஷயத்தைக் கண்டித்தது இதற்காகத்தான். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்ற தந்திரம் அது. அன்றைக்குப் பணம், இன்றைக்கு நேரம். சபையில் ஒரு பொறுப்பை விட்டுக்கொடுத்தால் ஆவிக்குரிய வீழ்ச்சி என்று பேசுகிற இடத்தில் இதைச் சொல்வது கஷ்டம், எனக்குத் தெரியும், நானே ஒரு பொறுப்பை விட இரண்டு வருஷம் தயங்கினேன்.

முழுநேர ஊழியம்தான் உண்மையான அழைப்பு, ஆபீஸ் வேலை சும்மா வயிற்றுப்பாட்டுக்கு என்று பிரிப்பதும் தவறுதான். கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் பவுல் கூடாரம் தைத்தார். கணக்கைத் திருத்தி எழுதச் சொன்னால் மாட்டேன் என்கிற கணக்காளருக்கும் அழைப்பு உண்டு.

கடைசியாக வேதவாசிப்பு. மொத்தம் 1,189 அதிகாரம். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிறு ஐந்து வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். ஜனவரியில் ஆதியாகமம் பறக்கும், பிப்ரவரியில் லேவியராகமம் வந்ததும் வண்டி நிற்கும். நான்கு நாள் விட்டுப்போனால், விட்டதையெல்லாம் சேர்த்து முடித்த பிறகுதான் மேலே போவேன் என்ற வைராக்கியம் வரும், அதில்தான் முழுசாகவே நின்றுபோகிறது. விட்டதை விடுங்கள். இன்றைய தேதிக்கு உள்ளதை வாசியுங்கள். லேவியராகமம்தான் மலைக்க வைக்கிறது என்றால் பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய 16-ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிட்டு, உடனே அதைக் கிறிஸ்துவின் பலியோடு ஒப்பிடும் எபிரெயர் 9-க்குப் போய்ப் பாருங்கள். அதற்கப்புறம் மற்ற அதிகாரங்களுக்கு நீங்களாகவே திரும்பி வருவீர்கள்.