இடி, ஹை வோல்ட்டேஜ்: வீட்டு மின்சாமான்களைக் காப்பாற்ற என்னென்ன செய்ய வேண்டும்

தென்காசிப் பக்கம் மலையடிவார ஊர்களில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். சித்திரை, வைகாசியில் கோடை மழை, ஐப்பசி, கார்த்திகையில் பருவமழை என்று வருஷத்துக்கு இரண்டு தடவை எங்களுக்கு இடிக்காலம். மழை விட்ட மறுநாள் விடிந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, இடி விழுந்து டிவி போயிட்டு" என்பார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் சாமான் போனது இடியால் இருக்காது. காற்றில் கிளை முறிந்து லைனில் விழுந்து, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்து, ஹை வோல்ட்டேஜ் ஏறிப் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் பாதுகாப்பு வேறு வேறு. ஒன்றுக்கான கருவியை மாட்டிவிட்டு இன்னொன்றுக்கும் அதுவே போதும் என்று மக்கள் நம்பிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

இடியை முதலில் பார்ப்போம். மின்னல் நம் வீட்டு மேல்தான் இறங்க வேண்டும் என்பதில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு தென்னையில் இறங்கினாலே பக்கத்தில் ஓடும் கம்பிகளில் சில ஆயிரம் வோல்ட் தூண்டப்பட்டுவிடும். மின்னலில் பாயும் கரண்ட் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அந்த அதிர்ச்சி வீட்டுக்குள் வந்து போவது மைக்ரோ செகண்டுகளில். கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்சுதான் எம்.சி.பி., அது விழுவதற்குச் சில மில்லி செகண்டாவது வேண்டும். அதனால் "எங்க வீட்டில் எம்.சி.பி. இருக்கே" என்பது இடிக்குப் பதில் ஆகாது. ஆர்.சி.சி.பி.யும் அப்படித்தான். அது ஆளை ஷாக்கிலிருந்து காப்பாற்றுகிற கருவி. கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் டிவியைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

நியூட்ரல் கட் ஆவது வேறு கதை. தெருவில் கரண்ட் கொண்டுவரும் மூன்று பேஸ் கம்பியும் ஒரு நியூட்ரலும் வருகின்றன. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்துவிட்டால், வேறு வேறு பேஸில் இருக்கும் வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஏ.சி.யும் ஹீட்டரும் ஓடுகிற வீட்டுக்குக் குறைவாகப் போகும், இரண்டு லைட் மட்டும் எரிகிற வீட்டுக்கு அதிகமாக வரும். 300, 350 வோல்ட் என்று ஏறி, மைக்ரோ செகண்டில் போகாமல் நிமிஷக்கணக்கில் நிற்கும். மின்விசிறி திடீரென்று வேகம் பிடிக்கும், சில லைட் பளீரென்று எரியும், பக்கத்து வீட்டில் மங்கும். இதைப் பார்த்த உடனே வேறு எதையும் யோசிக்காமல் மெயினை ஆஃப் செய்யுங்கள். அப்புறம் தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் மின்னகம் புகார் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். முன்பு குண்டு பல்பு இருந்தது, வோல்ட்டேஜ் ஏறினால் அதன் வெளிச்சமே காட்டிக் கொடுத்துவிடும். இப்போதைய எல்.இ.டி. பல்புகள் பலவும் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரி எரிகின்றன. அதனால் டி.பி. பாக்ஸில், அதாவது மெயினும் எம்.சி.பி.களும் இருக்கும் பெட்டியில், ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டர் வைத்துவிடச் சொல்லி எல்லோரிடமும் வற்புறுத்துவேன்.

சரி, வேலையை எங்கே ஆரம்பிப்பது? எர்த்தில். எவ்வளவு விலை கொடுத்து எதை வாங்கினாலும், இடியின் வேகத்தை மண்ணில் இறக்க வழி இல்லை என்றால் அந்தக் கருவியால் முழுப் பயன் கிடைக்காது. பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். அது இரும்புக் குழாயாக இருந்த காலத்தில் ஏதோ ஓடியது. இடையில் பிளம்பர் வந்து பி.வி.சி. போட்டுவிட்டுப் போயிருப்பார், அன்றோடு எர்த் போயிற்று. வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. கொல்லைப்பக்கம் போய் எர்த் கம்பி எங்கே முடிகிறது என்று ஒரு தடவை கண்ணால் பாருங்கள்.

புதிதாகப் போடுவதானால் 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப், 2.5 மீட்டர் நீளம், சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி. சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே புனல் வைத்துக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பு பைப்பை அரிக்கும் என்பதால் இப்போது கெமிக்கல் எர்த்தும் போடுகிறார்கள், அதுவும் நல்லதுதான். எங்கள் பக்கம் ஆறு அடி தோண்டினால் பாறை வந்துவிடும். அங்கே ஒரு குழியை ஆழமாக்கப் போராடுவதை விட, ஒரு பைப் நீளத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு மூன்று எர்த் போட்டு இணைப்பது நல்ல பலன் தரும். எர்த்தின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குள் வந்தால் திருப்தி. இதை எர்த் டெஸ்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்து "230 காட்டுது, எர்த் நல்லா இருக்கு" என்று சொல்வதை ஏற்காதீர்கள். மோசமான எர்த்திலும் மல்டிமீட்டர் 230 காட்டும், டெஸ்ட் லாம்ப் கூட எரியும்.

மாடியில் இடிதாங்கி இருந்தாலோ சோலாருக்குத் தனி எர்த் போட்டிருந்தாலோ அவற்றையெல்லாம் கீழே ஒன்றோடு ஒன்று இணைத்துவிட வேண்டும். தனித்தனியாக விட்டால் மின்னல் இறங்கும் நேரத்தில் ஒரு எர்த்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரிய வோல்ட்டேஜ் நிற்கும், அது சாமான்கள் வழியாகப் பாயும். இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். உள்ளே இருக்கும் மின்சாமானுக்கு அது போதாது.

எர்த் சரியானதும் டி.பி. பாக்ஸில் எஸ்.பி.டி. (சர்ஜ் புரொடெக்டர்) என்கிற இடிப் பாதுகாப்புக் கருவியை மாட்டலாம். வோல்ட்டேஜ் எல்லை மீறும் கணத்தில் திறந்துகொண்டு கரண்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும், மதகு மாதிரி. சாதாரண வீட்டுக்கு டைப் 2 போதும். மாடியில் இடிதாங்கி இருந்தால் டைப் 1, டைப் 2 இரண்டும் சேர்ந்தது வேண்டும். கடையில் கேட்கும்போது பெட்டியில் மூன்று எண்களைப் பாருங்கள். தொடர்ந்து தாங்கும் வோல்ட்டேஜ் 275 அல்லது 320 என்று இருக்கும். வோல்ட்டேஜ் அடிக்கடி ஏறுகிற ஊரில் 320 எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் சீக்கிரம் தேய்ந்துபோகும். தாங்கும் கரண்ட் 20 கிலோ ஆம்பியர், அதிகபட்சம் 40. சாமானுக்குப் போக விடும் வோல்ட்டேஜ் 1.5 கிலோ வோல்ட்டோ அதற்குக் கீழோ.

மாட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஸ்.பி.டி.யில் சேரும் வயர்களின் நீளம் எல்லாம் கூட்டி அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். இடியின் வேகத்துக்கு ஒரு மீட்டர் வயரே ஆயிரம் வோல்ட் அளவுக்குக் கூடுதலாக ஏற்றிவிடும். பாக்ஸுக்குள் வயரைச் சுருட்டி அழகாகக் கட்டி வைத்தால் எஸ்.பி.டி. இருந்தும் பயன் குறைந்துவிடும். குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மெயின் சுவிட்சான ஐசோலேட்டருக்குப் பின்னால், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு பேஸ், நியூட்ரல் இரண்டையும் பார்த்துக்கொள்கிற 1+1 வகை. முன்னால் அதற்கென்று கம்பெனி சொல்லும் எம்.சி.பி.யோ பியூஸோ கட்டாயம். இது நீங்களாகச் செய்கிற வேலை இல்லை, லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று வயர் நீளத்தை மட்டும் பாருங்கள்.

எஸ்.பி.டி. நியூட்ரல் கட்டைத் தடுக்காது. நிமிஷக்கணக்கில் 350 வோல்ட் நின்றால் அதுவே எரிந்துபோகலாம். அதற்குத் தனியாக ஓவர், அண்டர் வோல்ட்டேஜ் புரொடெக்டர் என்று ஒன்று கிடைக்கிறது. மேலே 270, கீழே 170 என்று வைத்துவிட்டால் எல்லை தாண்டியதும் வீட்டையே துண்டித்துவிடும். வோல்ட்டேஜ் சரியானதும் தானே சேரும். அந்தக் காத்திருப்பை மூன்று நிமிஷம் வைக்கச் சொல்வேன், பிரிட்ஜ், ஏ.சி. கம்ப்ரசருக்கு அது தேவை. பெரும்பாலானவற்றில் வோல்ட் மீட்டரும் சேர்ந்தே வரும். மூன்று பேஸ் சர்வீஸ் உள்ள வீடுகளில் நியூட்ரலில் பியூஸ் எங்கேயும் இருக்கக் கூடாது. இருந்தால், அது போகிற அன்று வீட்டுக்குள்ளேயே நியூட்ரல் கட் நடக்கும். பழைய மர போர்டுகளில் இதை இன்னும் பார்க்கிறேன்.

ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் இடியை நிறுத்தாது. ஸ்பைக் பஸ்டர் என்று விற்பதில் பலவும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான், உள்ளே சுவிட்சும் சாக்கெட்டும் தவிர ஒன்றும் இருக்காது. எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்று ஜூல் கணக்கு எழுதியிருக்கிற, எர்த் பின் உள்ள நல்லதாக வாங்கினால், டி.பி. பாக்ஸிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் கூடுதல் காவல்.

கடையம் போகிற வழியில் ஒரு வீட்டில் நான் சொன்ன எல்லாமே இருந்தது. ஆனாலும் ஒரு கோடை இடியில் கேமரா ரெக்கார்டர், ரவுட்டர், டிவி மூன்றும் போயின. கரண்ட் லைன் வழியாக ஒன்றும் வரவில்லை. கேட்டில் இருந்த கேமராவுக்குக் காம்பவுண்டு சுவர் மேல் நீளமாக லேன் கேபிள் ஓடியது. அதில் தூண்டப்பட்டது ரெக்கார்டருக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டிவிக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து உள்ளே வரும் செம்புக் கம்பி ஒவ்வொன்றும் இடிக்கு ஒரு வாசல். அந்த வீட்டில் கேட் வரைக்குமான தூரத்துக்கு பைபர் போட்டு மாற்றினோம். முடியாதவர்கள் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் லேன் சர்ஜ் புரொடெக்டர் வைத்து எர்த் கொடுக்கலாம். டிஷ் கம்பத்துக்கும் அப்படியே. பைபர் பிராட்பேண்ட் கண்ணாடி இழை என்றாலும், தாங்குவதற்கு அதனுடன் இரும்புக் கம்பி ஒன்று வரும். அதை வெளிச்சுவரோடு நறுக்கிவிடச் சொல்லுங்கள். சோலார் இருந்தால் பேனல் பக்க டி.சி. பாக்ஸிலும் எஸ்.பி.டி. இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவும் இருந்தாலும் வானம் கறுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவதற்கு ஈடு இல்லை. சுவிட்சை ஆஃப் செய்தால் பேஸ் மட்டும்தான் துண்டாகும், நியூட்ரல் அப்படியே இருக்கும். சுவிட்சுக்குள் இருக்கிற சில மில்லிமீட்டர் இடைவெளியை இடி தாண்டிவிடும். டிவி என்றால் டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். ஆனால் இடிச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு எதையும் தொடப் போகாதீர்கள். மின்னல் வெட்டி முப்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை கிணற்று மோட்டார் ரூமுக்கு யாரும் ஓட வேண்டாம். மோட்டார் போனால் மோட்டார்தான். புனேயில் உள்ள வானிலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த தாமினி செயலியைப் போனில் வைத்திருந்தால் சத்தம் கேட்பதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும், பிளக் பிடுங்க நேரம் இருக்கும்.

கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் இந்த ஆண்டு எர்த்தையும் வோல்ட்டேஜ் புரொடெக்டரையும் முடியுங்கள், எஸ்.பி.டி. அடுத்த போனஸில் போடலாம். எஸ்.பி.டி. போட்டவர்கள் பங்குனியிலும் புரட்டாசியிலும் அதன் சின்ன ஜன்னலைப் பாருங்கள், பக்கத்தில் இடி விழுந்தால் மறுநாளும் பாருங்கள். பச்சையாக இருந்தால் வேலை செய்கிறது. சிவப்பாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. பல மாடல்களில் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும். அதே எண் உள்ளது கிடைக்க எங்கள் ஊர்க் கடைகளில் நாளாகும் என்பதால், வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்கிறேன்.