திருப்பூரில் பிறந்த வெளிமாநிலக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும்

பனியன் கம்பெனியிலோ தறிக்குடோனிலோ வேலை செய்யும் வெளிமாநிலத் தம்பதிக்கு இங்கே குழந்தை பிறந்தால், ஆதாருக்கு ஓடும் முன் பிறப்புச் சான்றிதழை முடித்துவிடுங்கள். பிறந்த இடத்தில்தான் பதிவு. ஊருக்குப் போய் அங்கே பிறந்ததாக எழுதி வாங்கினால் அது பொய்ப் பதிவு. பள்ளி சேரும்போது குழந்தைக்குத்தான் சிக்கல்.

வேலை பேறுகாலத்துக்கு முன்பே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிய, தாயின் 12 இலக்க பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதியும்போது தரும் எண்) கேட்பார்கள். கர்ப்பம் தெரிந்ததுமே அந்தப் பகுதி சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியுங்கள். லைன் வீட்டின் உரிமையாளர் ஒரு வார்த்தை சொன்னால் செவிலியர் வந்து பார்த்துவிடுவார்; மொழி தெரியாத பெண் தானாகப் போய்ச் சொல்வது அபூர்வம்.

ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் தருவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. வீட்டில் பிறந்தால் வீட்டில் மூத்தவர் 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். முதல் சான்றிதழ் இலவசம்.

அதிகம் கெடுவது எழுத்தில்தான். ஒடியாக்காரரும் வங்காளியும் 'விவேக்' என்பதை 'பிபேக்' என்பார்கள். காதால் கேட்டு எழுதினால் தந்தை பெயர் அவருடைய ஆதாரோடு ஒத்துவராது. அட்டை நகலைக் கொடுத்து, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பெயர் முடிவாகாவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விடலாம். 1 வருடம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் 15 வருடம் வரை கட்டணத்தோடு.

பிறப்பைத் தெரிவிப்பது 21 நாள் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் மட்டும். 1 வருடத்துக்குள் எழுத்துமூல அனுமதி வேண்டும். அதையும் தாண்டினால், பதிவு இல்லை என்ற சான்று வாங்கி ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவுக்குப் போக வேண்டும். காங்கேயத்தில் பிறந்த குழந்தைக்குத் தாராபுரம் ஆர்டிஓ; திருப்பூருக்குப் போய் அரைநாள் கூலியை இழக்காதீர்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆதார். 5 வயதுக்குள் படம் மட்டும் எடுப்பார்கள். ரேகை வைப்பது தாயோ தந்தையோ. அவர்களில் ஒருவரிடமாவது ஆதார் இருந்து, அவரே நேரில் வர வேண்டும். பாட்டியை அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவுக்குக் காசு கிடையாது.

பெற்றோர் நேபாளிகள் என்றால், அவர்கள் ஆதார் எடுக்க அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் போதும். அது இல்லையென்றால் குடியுரிமைச் சான்றோடு, 182 நாளுக்கு மேல் தங்கியதற்குத் தூதரகம் தரும் படச் சான்றும் வேண்டும். மற்ற வெளிநாட்டவருக்குச் செல்லுபடியாகும் விசா இல்லாமல் ஆதார் கிடையாது. வேறொருவர் பெயரில் 'எடுத்துத் தருகிறேன்' என்கிற புரோக்கரை நம்பினால், ஆள்மாறாட்டத்துக்கு 3 வருடம் வரை சிறை. ஆனால் குழந்தையின் பிறப்பைப் பதிவதற்கு இதெல்லாம் தடையில்லை. பிறப்புச் சான்றிதழோ ஆதாரோ குடியுரிமைக்கு அத்தாட்சி அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

5 வயது முடிந்ததும் ரேகையும் கருவிழியும் சேர்க்க வேண்டும். 7 வயது வரை விட்டுவைத்தால் எண் முடக்கப்படலாம்.