மாரிக்கு முன் ஊர்க் குளத்தைத் தூர்வார: பிரதேச சபையோடு சேர்ந்து செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சின்னச் சனசமூக நிலையத்துக்கு நான் செயலாளர். எங்கள் ஊர்க் குளத்தை இரண்டு தடவை தூர்வாரினோம். முதல் தடவை பாதிப் பலன்தான். இரண்டாம் தடவைதான் சரிவந்தது. பக்கத்து ஊர்களில் இருந்து வந்து கேட்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். சுண்ணக்கல்லுக்குள், உவர் நீருக்கு மேலே மிதக்கிற நன்னீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அதற்கு மழையை விட்டால் வேறு வரவு இல்லை. பெய்கிற மழை கடலுக்கு ஓடிவிடாமல் பிடித்து வைத்து, மெல்ல உள்ளே இறக்குவது குளம். அதனால் குளம் தூர்ந்த ஊரில் முதலில் கிணறுதான் சொல்லும்.

சரி, வேலைக்கு வருவோம். மண்வெட்டியைத் தூக்குவதற்கு முன், குளம் யாருடையது என்று பாருங்கள். சில குளங்கள் பிரதேச சபையுடையவை, சில கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை, சில கோயிலுக்குச் சொந்தம். கிராம அலுவலரிடம் கேளுங்கள். அவருக்கும் தெளிவில்லை என்றால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. முன்னது அரசாங்க அலுவலகம், பின்னது நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிற சபை. இந்தக் குழப்பத்தில் கடிதத்தைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

குளம் சபையுடையது என்று உறுதியானதும் கடிதம் எழுதுங்கள். 'எங்கள் குளத்தைத் தூர்வாரித் தரவும்' என்ற ஒற்றை வரிக் கடிதம் கோப்புக்குள் படுத்துவிடும். நீளம், அகலம் எத்தனை அடி, தண்ணீர் எந்த ஒழுங்கையால் வருகிறது, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, சுற்றிவர எத்தனை கிணறு, ஊர் என்ன தரும், சபையிடம் என்ன வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள். நாங்கள் ஆட்பலமும் மதியச் சாப்பாடும் தருவதாக எழுதி, மண் தோண்டுகிற பெக்கோவும் உழவு இயந்திரமும் மட்டும் கேட்டோம். கேட்பது சின்னதாக இருந்தால் 'ஆம்' சொல்வது அவர்களுக்கும் சுலபம். கடிதத்தில் ஒரு பிரதி சபையின் தவிசாளருக்கு, ஒன்று சபையின் செயலாளருக்கு, ஒன்று வட்டார உறுப்பினருக்கு. கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

செயலாளரை விட்டுவிடாதீர்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் நடக்கும்வரை செயலாளர்கள்தான் எல்லாம் பார்த்தார்கள். உறுப்பினர்கள் மாறுவார்கள், கோப்பு அலுவலகத்தில்தான் இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி சபை அமைக்கிற குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்க்கலாம். சுற்றாடல் விடயங்களுக்கென்றே ஒரு குழு உண்டு. உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற நீர்ப்பாசன உத்தியோகத்தரோ விவசாய ஆசிரியரோ இருந்தால், அவரை அந்தக் குழுவில் சேர்க்கும்படி கேளுங்கள். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் குளம் இடம்பிடிக்க வேண்டுமானால் அந்தக் கதை ஆவணி, புரட்டாதியிலேயே தொடங்க வேண்டும். மார்கழியில் போய்க் கேட்டால் காலம் கடந்துவிடும்.

பதில் வரவில்லையா? கோபப்பட்டுப் பயனில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் 'எங்கள் கடிதத்துக்கு என்ன முடிவு எடுக்கப்பட்டது' என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

இப்போது எங்கள் முதல் வருடத்துப் பிழையைச் சொல்கிறேன். குளத்தை அழகாகத் தூர்வாரிவிட்டோம். மழை கொட்டியது. ஒழுங்கையெல்லாம் முழங்கால் வெள்ளம், குளத்திலோ கரண்டைக்கால் அளவு தண்ணீர்! போய்ப் பார்த்தால் வீதி திருத்தியவர்கள் கொட்டிய சல்லி மதகுக்குள் இறுகிக் கிடந்தது. வெள்ளம் மறுபக்கம் திரும்பி ஆட்களின் வளவுகளுக்குள் போய்விட்டது. வாய்க்கால் இல்லாத குளம் வெறும் கிடங்கு. இப்போது யார் கேட்டாலும், குளத்தைத் தொட முதல் மதகைத் தொடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த மதகு எந்த வீதியில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்ளூர் ஒழுங்கை என்றால்தான் பிரதேச சபை. மூன்று இடத்துக்கும் மூன்று கடிதம்.

தூர்வாரும் நாளில் பெக்கோக்காரருக்குப் பக்கத்தில் விபரம் தெரிந்த ஒருவர் முழு நேரமும் நிற்க வேண்டும். மேலே கறுத்த சேறு வரும். உக்கிய இலையும் கோரை வேரும் கலந்து மணக்கும். அதற்குக் கீழே கையில் உருட்டினால் ஒட்டுகிற களி. களி தெரிந்ததும் நிறுத்துங்கள். இன்னும் ஆழமாய் இருந்தால் நல்லதுதானே என்று வெள்ளைக் கல் தெரியும்வரை தோண்டினால், கல்லின் வெடிப்பு வழியே அழுக்குத் தண்ணீர் வடிபடாமல் நேரே கிணறுகளுக்குப் போய்விடும். வாரிய மண்ணை வெளியே ஏற்றுவதாக இருந்தால் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாங்கள் அந்தச் சிக்கலே வேண்டாமென்று கரையிலேயே போட்டு உயர்த்தினோம்.

கரையில் கிடக்கும் குப்பையைத் தனியாகப் பொறுக்குங்கள். டெங்கு நுளம்பு பெருகுவது குளத்தில் அல்ல. கரையில் கிடக்கிற யோகட் கோப்பையிலும் சிரட்டையிலும்தான். எங்களுக்குப் பெரிய தலையிடி, குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிய பம்பேர்ஸ். உரப்பையில் கட்டி இரவில் கொண்டுவந்து எறிவார்கள். அறிவித்தல் பலகை வைத்தோம், எடுபடவில்லை. சபையின் குப்பை உழவு இயந்திரம் எங்கள் ஒழுங்கைக்குள் வருகிற நாளை வீடு வீடாகப் போய்ப் பெண்கள் சொன்ன பிறகுதான் குறைந்தது.

அப்புறம் பனை. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதையைக் கடகத்தில் பொறுக்கி வையுங்கள். மழை தொடங்கும் முன் கரையின் வெளிப்பக்கத்தில் ஊன்றுங்கள். பனையின் முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும், பிடுங்கி வேறு இடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே நிற்க வேண்டிய இடத்திலேயே விதையைப் போட வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு தடியில் பெயர் எழுதி விதைக்குப் பக்கத்தில் நட்டார்கள். தை மாதம் கிழங்கு தோண்ட வந்த ஒருவர், அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

குளத்துக்கு மிகக் கிட்டிய கிணற்றில் கயிறு விட்டு, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து நிலையத்துக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த தடவை சபைக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்கிற அன்று, இரவாக இருந்தாலும் இரண்டு பேர் டோர்ச்சும் நீளத் தடியும் எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போங்கள். அன்றைக்குத்தான் வாய்க்காலில் இலையும் போத்தலும் திரண்டு வந்து அடைக்கும்.