தலையில் அடிபட்ட பிள்ளையைப் பின்னாளிலும் கவனிப்பது எப்படி?

படுவான்கரையில் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து விழுந்த பிள்ளையானாலும், கல்முனை வீதியில் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளின் முன்னால் இருந்துவந்து தூக்கி எறியப்பட்ட பிள்ளையானாலும், தையல் பிரித்த கையோடு பெற்றோர் அந்தக் காயத்தை மறந்துவிடுகின்றனர். லேசான அடியானால் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் தேறிவிடுவர். ஆனால் நெடுநேரம் நினைவிழந்திருந்த, அல்லது மூளைக்குள் இரத்தம் கசிந்த பிள்ளைகளுள் சிலருக்குப் பாதிப்பு ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். திட்டமிடுதல், பொறுமை, கவனம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயதுவரை வளர்வதால், மூன்றாம் தரத்தில் தெரியாத குறை, பாடங்கள் பெருகும் ஆறாம் தரத்தில் தெரியவரலாம்.

ஆகவே முதலில், வைத்தியசாலை தந்த நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். விழுந்த திகதி, எவ்வளவு நேரம் நினைவின்றி இருந்தது, ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, புதிய வகுப்பாசிரியர் பொறுப்பேற்கும்போதெல்லாம் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பது பாதிப்பே இல்லை என்பதற்கு உறுதியாகாது.

அடுத்து, விபத்துக்கு முன்பிருந்த பிள்ளையோடு இப்போதைய பிள்ளையை ஒப்பிட்டுப் பாருங்கள். சீனி, தேயிலை, நெருப்புப்பெட்டி என்று சொல்லிக் கடைக்கு அனுப்பினால் சீனியோடு மட்டும் திரும்புவதும், கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்குமுன் ஆசிரியர் அழித்துவிட்டார் என்று நாள்தோறும் அழுவதும், சின்ன விடயத்துக்கும் கொதித்தெழுவதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எண்ணி அடிப்பது, பிள்ளைக்குச் செய்யும் பெரும் அநியாயம். கொப்பியில் குறித்துவைத்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கில் காட்டி, நினைவாற்றலையும் கவனத்தையும் சோதிக்க வழியுண்டா என்று கேளுங்கள்.

வகுப்பில் முன்வரிசை இருக்கை, ஒரு நேரத்தில் ஒரே அறிவுறுத்தல், இடையிடையே ஓய்வு ஆகியவற்றை ஆசிரியரிடம் கேட்டுப் பெறலாம். அறிகுறிகள் முற்றாக நீங்கி வைத்தியர் அனுமதிக்கும்வரை உதைபந்தாட்டத்துக்கு விடாதீர்கள், ஏனெனில் ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி ஆபத்தானது. அடிபட்ட பின்னர் திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் கண்டால் தாமதியாது 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் தேவைப்படும் என்று தோன்றினால், வைத்தியரின் கடிதத்தோடு அதிபரை விண்ணப்ப காலத்துக்கு வெகுமுன்பே சந்தியுங்கள்.