வெள்ளைச் சட்டத்தில் பச்சை தெரிந்தால்

வட கரோலினாவின் கேரி, மோரிஸ்வில் பக்கம் புதிதாக வீடு வாங்கிக் குடியேறுபவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஒருநாள் வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து, இங்கே எச்.ஓ.ஏ. என்பார்கள், ஒரு கடிதம் வரும். வடபுற ஜன்னல் சட்டங்களில் பாசி படிந்திருக்கிறது, இன்ன தேதிக்குள் சுத்தம் செய்யுங்கள் என்றிருக்கும். பதற வேண்டாம். அதே நேரம், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தேய்க்கவும் ஓடாதீர்கள்.

ஜன்னலையும் கதவையும் சுற்றி, கூரை விளிம்பு நெடுக ஓடும் வெள்ளைப் பட்டைகளை இங்கே ட்ரிம் என்கிறார்கள். புது வீடுகள் பலவற்றில் அது பி.வி.சி. பலகை. உளுக்காது, தண்ணீர் குடிக்காது. பிறகு பாசி எப்படி வருகிறது? பாசி பலகையைத் தின்று வளர்வதில்லை. அதன்மேல் ஒட்டியிருக்கும் தூசியும் மகரந்தமும் ஈரமும்தான் அதற்குப் போதுமானவை. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பைன் மரங்கள் கொட்டும் மஞ்சள் தூள் கார், திண்ணை, சட்டம் என்று எல்லாவற்றையும் மூடும். பின்னாலேயே புழுக்கமான கோடை வரும். வெயில் விழாத வடபுறம் காய்வதே இல்லை. கிணற்றுப் படியில் பாசி பிடிப்பது போலத்தான் இதுவும்.

ஊரில் பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தால் சுவர் புதிதாகிவிடும். இங்கே அப்படிப் பூசி மறைக்கும் வழி இல்லை. பாசி உயிருள்ளது, முதலில் அதைக் கொல்ல வேண்டும், பிறகு கழுவ வேண்டும். சுரண்டி எடுத்தால் வழவழப்பான பரப்பில் கீறல் விழும். அந்தக் கீறல்களில் அழுக்கு தங்கி, அடுத்த முறை பாசி இன்னும் சீக்கிரம் வரும். ஆகவே கம்பி நாரும் தேய்ப்புத் தூளும் கிட்டேயே வரக்கூடாது.

நான் முதலில் எடுப்பது ஆக்சிஜன் பிளீச் தூள்; குளோரின் இல்லாத வெளுப்புத் தூள் இது, ஊரில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடர் அல்ல. பொட்டலத்தில் சொன்ன அளவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மென்மையான தூரிகையால் கீழிருந்து மேலாகப் பூசுகிறேன். மேலிருந்து தொடங்கினால் வழியும் கரைசல் காய்ந்த பரப்பில் கோடு போட்டுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், ஆனால் காய விடாதீர்கள்; அதனால் மேகமூட்டமான நாளோ வெயில் ஏறாத காலையோ நல்லது. பிறகு தோட்டக் குழாயால் மேலிருந்து கீழாக அலசுங்கள். மீந்த கரைசலை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும். லேசான படலம் என்றால் ஏழு பங்கு தண்ணீரில் மூன்று பங்கு வெள்ளை வினிகர் கலந்து துடைத்தாலே போதும்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். ஊரில் குளியலறைக்கு ஆசிட் ஊற்றி, மேலே பிளீச்சிங் பவுடர் தூவிய பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. குளோரின் பிளீச்சோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் நச்சு வாயு வரும். அம்மோனியா கலந்த திரவம் சேர்ந்தாலும் அப்படித்தான். ஒரு நாளில் ஒரே மருந்து, ஒரே வாளி. குளோரின் பிளீச்சைத் தொடுவதானால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அடியில் இருக்கும் செடிகளை முன்பும் பின்பும் தண்ணீரால் நன்றாக நனைத்துவிடுங்கள்.

தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். முதல் ஆண்டில் நாங்கள் அழைத்த ஒருவர் கீழிருந்து மேல்நோக்கி வேகமாகப் பீய்ச்சினார். தண்ணீர் சட்டத்துக்குப் பின்னால் ஏறி, உள்சுவரில் ஈரக்கறை விழுந்தது. அழுக்குப் போயிற்று, சுவர் காய வாரக்கணக்கானது. மாடிச் சட்டத்துக்கு ஏணிமேல் நின்று அந்தக் கருவியைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள், அதன் உதை ஆளைத் தள்ளிவிடும். நீளக் கம்பில் பொருத்திய தூரிகை போதும். ஆளை அழைத்தால், குறைந்த அழுத்தத்தில் கழுவுவாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

எல்லாக் கறையும் பாசி அல்ல. தரையை ஒட்டிய சட்டத்தில் செம்மை தெரிந்தால், மழையில் தெறித்த நம் செம்மண் அது. சோப்புத் தண்ணீருக்கே பெரும்பாலும் போகும், பிளீச்சுக்கு அசையாது. மிளகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தால், செடிப்பாத்தியில் பரப்பிய மரச்சிராயில் வளரும் ஒரு பூஞ்சை வித்துகளை எறிந்திருக்கிறது. அவை பிசின்போல் பிடித்துக்கொள்ளும், பெயர்ந்து வருவது கடினம். சிராயை மாற்றுவதுதான் வழி.

ராலே, டர்ஹாமில் பழைய வீடு வாங்கியிருந்தால் ஒரு சொல். 1978க்கு முன் கட்டியதென்றால் மரச்சட்டத்தின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்கும்வரை சுரண்ட வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.

பாசி திரும்பி வராதிருக்கக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். சுவரை ஒட்டிய புதரை ஒரு முழமாவது தள்ளி வெட்டுங்கள். புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாயைச் சட்டத்தில் படாதபடி திருப்பிவிடுங்கள். கூரையோர மழைநீர்க் கால்வாயில் இலை அடைத்து வழிந்தால் அதற்குக் கீழேதான் முதல் பச்சை தெரியும். மகரந்தம் ஓய்ந்ததும் மே மாதத்தில் ஒருமுறை வீட்டைச் சுற்றிக் குழாயால் அலசிவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

கடிதம் வந்திருந்தால், கழுவுவதற்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து, கெடு முடியும் முன்பே சங்கத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். மழையால் தாமதமானால் அதையும் எழுதிக் கூடுதல் நாள் கேளுங்கள். வாடகை வீடென்றால் வெளிப்புறத்தைக் கழுவுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, கடிதத்தை அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.