ஏர்போர்ட் செக்கிங் விமானக் கடத்தலை தடுக்குதா? நீங்களே எடை போட்டு பார்க்கிற வழி

"இந்த செக்கிங் எல்லாம் வெறும் கண்துடைப்பு"ன்னு ஒருத்தர் சொல்வார், "அதனாலதான் இப்போ கடத்தலே நடக்கறதில்ல"ன்னு இன்னொருத்தர் சொல்வார், ரெண்டு பேருமே பாதியைத்தான் பாக்கறாங்க. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால சரியா எடை போட தெரிஞ்சுக்கணும்.

முதல்ல எந்த தாக்குதலை பத்தி பேசறோம்னு பிரிச்சுக்கோங்க. ஆயுதத்தை காட்டி கடத்தறது வேற, பெட்டியில குண்டை அனுப்பிட்டு ஆள் ஏறாம இருந்துக்கறது வேற, டெர்மினலுக்குள்ளயே வெடிக்க வைக்கறது வேற.

அடுத்து, எண்ணிக்கை குறைஞ்சுதுன்னா அதே சமயத்துல வேற என்ன மாறுச்சுன்னு தேடுங்க. அமெரிக்காவுல 1968லேர்ந்து 1972 வரைக்கும் நூத்துக்கும் மேல கடத்தல் முயற்சி நடந்துச்சு, நிறைய பேர் கியூபாவுக்கு ஓட்டுன்னு மிரட்டினவங்கதான். 1973 ஜனவரியில எல்லா பயணியையும் கைப்பையையும் சோதிக்கறது கட்டாயமாச்சு, கடத்தல் மளமளன்னு குறைஞ்சுது. ஆனா அடுத்த மாசமே கியூபாவும் அமெரிக்காவும் கடத்தல்காரங்களை திருப்பி அனுப்பணும் இல்ல தண்டிக்கணும்னு உடன்பாடு போட்டுக்கிட்டாங்க, அந்த பங்கையும் கணக்குல சேர்க்கணும். 2001 செப்டம்பர் 11க்கு அப்புறமும் இதே கதைதான், செக்கிங் இறுகுச்சு, கூடவே பைலட் உக்கார்ற காக்பிட் அறையோட கதவையும் பலப்படுத்தினாங்க, பயணிகளும் இனிமே கையை கட்டிக்கிட்டு உக்கார மாட்டாங்கன்னு ஆச்சு. என்னை கேட்டா அந்த மாதிரி கடத்தலை தடுக்கறதுல கதவுக்குத்தான் பெரிய பங்கு. அதுக்கும் ஒரு விலை இருக்கு, 2015ல ஜெர்மன்விங்ஸ் விமானத்துல கோ பைலட் உள்ள பூட்டிக்கிட்டு மலையில மோதினப்போ வெளிய மாட்டிக்கிட்ட கேப்டனால அதே மாதிரி கதவை திறக்க முடியல, 150 பேர் போயிட்டாங்க.

மூணாவது, மெஷின் இருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அன்னிக்கு அது எப்படி ஓடுச்சுன்னு பாருங்க. 1985 ஜூன் 23ல ஏர் இந்தியாவோட கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் மேல வெடிச்சு 329 பேர் செத்தாங்க. குண்டு இருந்த பெட்டி வான்கூவர்ல செக் இன் ஆச்சு, பெட்டி கொடுத்த ஆளுக்கு மேற்கொண்டு போக டிக்கெட் உறுதியாகவே இல்ல, அவன் அடம்பிடிச்சு பேசி கவுன்டர்ல இருந்தவங்களை ஒத்துக்க வச்சான், பெட்டி போச்சு அவன் ஏறல. அந்த பெட்டி விமானம் மாறின டொரன்டோவுல பெட்டிகளை பாத்துக்கிட்டிருந்த எக்ஸ்ரே மெஷின் நடுவுல ரிப்பேர் ஆயிடுச்சு, மிச்ச பெட்டிகளை கையில பிடிக்கிற ஒரு மோப்பக் கருவியை வச்சு பாத்தாங்க. அந்த கருவி வேலை செய்யுதுன்னு காட்ட அவங்களுக்கு செஞ்சு காமிச்சது ஒரு தீக்குச்சியை கொளுத்தி பக்கத்துல காட்டினது, அவ்வளவுதான். ஏறாத ஆளோட பெட்டி போகக்கூடாதுங்கற ஒரே விதி ஒழுங்கா நடந்திருந்தா அத்தனை குடும்பமும் பிழைச்சிருக்கும், இன்னிக்கும் நினைச்சா மனசு ஆறல.

அப்புறம் பிடிபட்டதெல்லாம் யார் பிடிச்சதுன்னு பாருங்க. 2001 டிசம்பர்ல ஷூவுல குண்டு வச்சுட்டு வந்த ரிச்சர்ட் ரீடை அமுக்கினது பணிப்பெண்களும் பயணிகளும். 2006ல திரவ குண்டு சதியை லண்டன்ல உளவுத்துறையும் போலீஸும் முன்னாடியே கண்டுபிடிச்சாங்க, நாம இப்போ 100 மில்லி பாட்டிலோட அலையறது அதுக்கு அப்புறம் வந்தது. 2010ல ஏமன்லேர்ந்து பிரின்டருக்குள்ள வச்சு அனுப்பின குண்டுகள் சவூதி கொடுத்த துப்புல சிக்குச்சு. 2015ல அமெரிக்காவுல ரகசியமா சோதனை ஆளுங்களை அனுப்பி பாத்தப்போ 70 தடவைல 67 தடவை ஆயுதமோ போலி குண்டோ உள்ள போயிடுச்சுன்னு செய்தி வந்துச்சு.

அதுக்காக செக்கிங் வேஸ்ட்னு முடிவு கட்டிடாதீங்க, பிடிபடாத கணக்கு இதுல பாதிதான். செக்கிங் இருக்கறதாலதான் ரீட் ஷூவுக்குள்ள ஒளிக்க வேண்டியதாச்சு, 2009 கிறிஸ்துமஸ் அன்னிக்கு டெட்ராய்ட் போன விமானத்துல இன்னொருத்தன் உள்ளாடைக்குள்ள மறைக்க வேண்டியதாச்சு, ரெண்டுமே சரியா வெடிக்கல. பெரிய குண்டை தைரியமா எடுத்துட்டு வர முடியாத நிலைமையே ஒரு பாதுகாப்பு.

கடைசியா செக்கிங்குக்கு ஜனங்க நிக்கற வரிசையை பாருங்க. 2016ல பிரஸ்ஸல்ஸ்லயும் இஸ்தான்புல்லயும் குண்டு வெடிச்சது பொதுமக்கள் கூடுற டெர்மினல் பகுதியில, விமானத்துல இல்ல. அதனால புதுசா ஒரு சோதனை கொண்டு வர்றாங்கன்னா, அது எந்த தாக்குதலுக்கு, வாசல்ல எத்தனை பேரை எவ்வளவு நேரம் கூட்டமா நிக்க வைக்கப் போகுதுன்னு சேர்த்தே கேளுங்க.