முதியோர் இல்லத்தில் மதப் பிரசாரம்: குடும்பமும் இல்லமும் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் பலவற்றை ஒரு சபையோ, மடமோ, அறக்கட்டளையோ நடத்துகிறது. அங்கே காலையில் ஜெபம் நடப்பதும் மாலையில் பஜனை நடப்பதும் தவறல்ல. வயதான காலத்தில் சாமி கும்பிடுவது பலருக்கும் மருந்தைவிடப் பெரிய ஆறுதல். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பெரியவரால் "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகும் சோறு, மருந்து, குளியல், அன்பான பேச்சு எதுவும் குறையாமல் கிடைக்கிறதா? கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லா மதத்தவர் நடத்தும் இல்லங்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும்.

சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள்

சேர்க்கைப் படிவத்தில் "மதம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அது போதாது. தனியாக ஒரு பக்கம் வைத்து இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: தினமும் செய்யும் வழிபாடு என்ன, எந்த நேரத்தில், விரத நாட்கள் (வெள்ளி, ஏகாதசி, தவக்காலம், ரமலான்), சாப்பிடாத உணவு, உடம்பிலிருந்து எடுக்கக் கூடாதவை (தாலி, பூணூல், ஜெபமாலை, தாயத்து), கட்டிலருகே வைக்க விரும்பும் படம், பொதுப் பிரார்த்தனைக்கு வர விருப்பமா, உடம்பு மிகவும் முடியாமல் போனால் யாரைக் கூப்பிட வேண்டும், இறந்த பிறகு அடக்கமா, தகனமா, காரியம் செய்பவர் யார்.

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவார்கள். பெரிய சண்டைகள் அங்கேதான் கிளம்புகின்றன. நள்ளிரவில் இறப்பு நேர்ந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து, தொலைபேசியும் கிடைக்காவிட்டால் இல்லம் தனக்குத் தெரிந்த முறையில் அடக்கம் செய்துவிடும். அதன்பின் எந்தப் புகாராலும் அதை மாற்ற முடியாது. எழுதிய பக்கத்தில் பெரியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருக்கட்டும். ஒரு நகல் இல்லத்துக்கு, ஒன்று குடும்பத்துக்கு.

இதைப் பெரியவரிடம் தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளுக்குப் பிடித்த பதில்தான் வரும். மகனோ மருமகளோ மதம் மாறி, அம்மாவையும் மாற்றிவிட இல்லத்தின் உதவியை எதிர்பார்க்கும் குடும்பங்களும் உண்டு. சேர்ந்த முதல் வாரம் புதிய இடத்தின் பயத்தில் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றே சொல்வார்கள். அதனால் நான்கு வாரம் கழித்து அதே பக்கத்தை எடுத்து மறுபடி கேளுங்கள். இரண்டு பதில்களும் வேறுபட்டால், பெரும்பாலும் இரண்டாவதே உண்மையான விருப்பம்.

வெளியிலிருந்து வருபவர்கள்

பிறந்தநாள், திதி, நினைவுநாள் என்று ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்க வருபவர்கள் நிறைய. அவர்களில் சிலர், இலை போட்ட பிறகு எல்லோரையும் எழுந்து நிற்கவைத்துப் பாடவோ ஜெபிக்கவோ சொல்கிறார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவரால் மறுக்க முடியாது. முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்: வழிபாடு வேண்டுமானால் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்துப் பொதுக்கூடத்தில் நடக்கும், விரும்புபவர்கள் வருவார்கள்.

மதக் குழுக்கள் வருவதற்கு விதிகளை ஒரே தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். பெயரும் நேரமும் வருகைப் பதிவேட்டில் ஏற வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் கூடாது. கட்டிலருகே போக வேண்டுமானால் அந்தப் பெரியவரே அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். போன மாதம் கேட்டது செல்லாது. துண்டுப் பிரசுரங்களைக் கூடத்து மேசையில் வைக்கலாம், தலையணைக்கு அடியில் செருகக் கூடாது. படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. நினைவு தடுமாறும் ஒருவர் "சாட்சி" (தன் மத அனுபவம்) சொல்லும் காட்சி நன்கொடை திரட்டும் வீடியோவில் போவது அவருடைய மானத்தை விற்பதற்குச் சமம்.

உடல்நலம் சார்ந்த விதி ஒன்றும் தேவை. பக்கவாதம் வந்தவர்களுக்கும் முற்றிய மறதி நோய் உள்ளவர்களுக்கும் விழுங்குவதில் சிரமம் இருக்கும். ஒரு மடக்குத் தீர்த்தம்கூட மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் தொற்றில் முடியலாம். பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் சர்க்கரை நோயாளிக்கு எத்தனை கரண்டி என்பதைச் செவிலியர்தான் முடிவு செய்ய வேண்டும். பிரசாதம், தீர்த்தம், எண்ணெய் எதுவாக இருந்தாலும் செவிலியர் கை வழியாகவே போகட்டும். "நம்பிக்கை வைத்தால் இன்சுலின் வேண்டாம்" என்று யாராவது சொன்னால், எந்த மதத்தவரானாலும், அன்றோடு அவர் வருகையை நிறுத்திவிடுங்கள்.

ஊழியர்கள்

வெளியார் வருகையைவிடக் கடினமானது இது. இரவுப் பணியில் இருக்கும் ஆயா ஒருவர்தான், அவரைக் கூப்பிட்டால்தான் கழிப்பறைக்குப் போக முடியும். அவர் அன்போடு "என் கூட ஜெபம் பண்ணுங்கம்மா" என்றாலும் அது வேண்டுகோளாக ஒலிக்காது. ஊழியர்களுக்கு எளிய விதி போதும்: பெரியவர் கேட்டால் அவரோடு சேர்ந்து கும்பிடலாம், ஊழியர் தானாகத் தொடங்கக் கூடாது. "நீ எந்தச் சாமி கும்பிடுற?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

தெரியாமல் செய்பவர்களே அதிகம். நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். முதல் தடவை உட்காரவைத்துப் பேசுங்கள். இரண்டாம் தடவை எழுத்தில் கொடுங்கள்.

ஆறு கட்டில் போட்ட அறையில் நாள் முழுக்க ஒரே பக்தி அலைவரிசை ஓடுவதும் ஒருவகைத் திணிப்புத்தான். காதொலிப்பான் (ஹெட்போன்) வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

குடும்பத்தினர் எதைக் கவனிக்க வேண்டும்

நெற்றியில் திருநீறு இல்லை என்பதைக் கண்டதும் பாய்ந்துவிடாதீர்கள். தோல் அரிப்பாக இருக்கலாம், காலையில் குளிப்பாட்டியதில் அழிந்திருக்கலாம். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் விசாரியுங்கள்: கட்டிலருகே இருந்த படம் காணவில்லை, குறிப்பிட்ட ஒருவர் வந்தால் முகம் சுருங்குகிறது, "போகலைன்னா கோவிச்சுக்குவாங்க" என்கிறார், கையில் காசு தங்குவதில்லை, கட்டைவிரலில் மை.

விசாரிக்கும் விதம் முக்கியம். "உங்களை மதம் மாத்துறாங்களா?" என்று கேட்டால் மறதி உள்ளவர் "ஆமா" என்பார், "இல்லைதானே?" என்று கேட்டால் அதற்கும் "ஆமா" என்பார். காலை நேரத்தில், தனியாக, "நேத்து யாரெல்லாம் வந்தாங்க?", "அவங்க வந்தா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று தொடங்குங்கள். சாயங்காலம் குழப்பம் கூடும் என்பதால் அந்த நேரத்தைத் தவிருங்கள். வேறு வேறு மூன்று நாட்களில் கேட்டு, அவர் சொன்ன சொற்களை அப்படியே தேதியோடு எழுதி வையுங்கள். திடீரென்று பேச்சே மாறியிருந்தால் முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சிறுநீர்த் தொற்றும் உடலில் சோடியம் குறைவதும் ஒரே நாளில் ஆளையே மாற்றிவிடும்.

அவரே மாற விரும்பினால்

அது அவர் உரிமை. எண்பது வயதில் மாறினாலும் பிள்ளைகளுக்குத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. இல்லம் செய்ய வேண்டியது அவசரத்தைத் தடுப்பது மட்டுமே. கணவரோ மனைவியோ இறந்த நாட்களில், மருத்துவமனையில் இருக்கும்போது, குழப்பம் இருக்கும்போது எந்தச் சடங்கும் வேண்டாம். ஒரு மாதம் போகட்டும். இரு பக்கத்தையும் சேராத ஒருவர், மருத்துவர் என்றால் நல்லது, தனியாகப் பேசிப் பார்க்கட்டும். என்ன செய்யப் போகிறோம், ஏன், பிறகு என்ன மாறும் என்பதை அவர் சொந்த வார்த்தையில் சொன்னால், அத்தோடு விட்டுவிட வேண்டும். வேண்டாம் என்று மனம் மாறினாலும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

சட்டம் எதுவரை துணைக்கு வரும்

அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதத்தைப் பரப்பும் உரிமையையும் சேர்த்தே தருகிறது. பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்போது தனிச் சட்டம் இல்லை. ஆனால் சொன்னபடி செய்யாவிட்டால் தெய்வக் கோபத்துக்கு ஆளாக்கிவிடுவதாக நம்பவைத்து ஒருவரைச் செயல்படவைப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 354-ஆம் பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு.

சொத்து விஷயத்தில் பிடி இன்னும் வலுவானது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ, மறுக்க முடியாதபடி நச்சரித்தோ எழுதி வாங்கிய உயில் செல்லாது என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு (முஸ்லிம்களின் உயில்களுக்கு இச்சட்டப் பிரிவு பொருந்தாது). ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் முதுமையாலும் நோயாலும் மனத்திறன் குன்றியவரிடம் செலுத்தும் தகாத செல்வாக்கைத் தனியே குறிப்பிடுகிறது. இல்லத்துக்குச் சொத்து எழுதிக் கொடுப்பதென்றால், "ஆயுள் முழுதும் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடுங்கள். பராமரிக்காவிட்டால் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கேட்க அந்த ஒரு வரிதான் உதவும். மதப் பிரசாரம் பற்றிய பொதுவான புகாரை அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது. அங்கே அலைந்து நாட்களை வீணாக்காதீர்கள்.

புகாரை முதலில் இல்லப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, ஏழு நாளில் எழுத்திலேயே பதில் கேளுங்கள். தேதி, நேரம், நடந்தது, சொன்ன சொல், பார்த்தவர் யார் என்பவை மட்டும் போதும். எதிர் மதத்தைப் பற்றிய வசை ஒரு வரி இருந்தாலும் புகார் வலுவிழந்துவிடும். பதில் வராவிட்டால் மாவட்ட சமூகநல அலுவலருக்கு நகல்களோடு கொடுங்கள். 14567 என்ற மூத்த குடிமக்கள் உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். கைநாட்டு வாங்கியிருந்தால், மிரட்டியிருந்தால், மருந்தை நிறுத்தியிருந்தால் ஏழு நாள் காத்திருக்காமல் நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

புகார் கொடுக்கும் முன் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் அங்கே தனியாக இருக்கப் போகிறவர் அவர்தான். புகார் போன மறுநாளிலிருந்து இரண்டு வாரம், வெவ்வேறு நேரங்களில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தண்ணீர்ச் செம்பு நிறைந்திருக்கிறதா, விரிப்பு மாற்றியிருக்கிறதா, மாத்திரை டப்பா அன்றைய தேதி வரை காலியாகியிருக்கிறதா என்று.